தம்பி கண்ணுக்குத் தெரியும் போர்வை: நிறக்குருடு உள்ளவருக்குக் குவில்ட் துணி எடுப்பது எப்படி

தம்பிக்காக நான் தைத்த முதல் குவில்ட்டில், அதாவது துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வையில், 35 நட்சத்திரங்கள். ஒவ்வொரு கட்டமும் 12 அங்குலம், குறுக்கே 5, நெடுக்கே 7. பாட்டில் பச்சைத் துணியில் அரக்கு நிற நட்சத்திரம். நாலு மாத வேலை. கட்டிலில் விரித்துக் காட்டினேன். தடவிப் பார்த்தான், மூலையைப் புரட்டித் தையலைப் பார்த்தான். "அக்கா, தையல் எவ்ளோ நேரா வந்திருக்கு!" என்றான்.

"நட்சத்திரம் பிடிச்சிருக்காடா?"

"நட்சத்திரமா? எங்க?"

பிறகு அவனே விரலை வைத்து, இரண்டு துணி சேரும் மேட்டைத் தடவிக்கொண்டே போய், ஒரு முனை, அடுத்த முனை என்று எட்டு முனையையும் கண்டுபிடித்தான். அவனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாது என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அம்மாவின் அப்பாவுக்கும் அப்படித்தான். தெரிந்திருந்தும், துணி எடுக்கும்போது என் கண்ணை மட்டும் நம்பி எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இரண்டாவது குவில்ட் தைத்தேன். அதில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், என் நாலு மாதம் உங்களுக்கு மிச்சமாகட்டும்.

முதலில் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

நிறக்குருடு என்ற சொல்லைக் கேட்டு, அவர்களுக்கு எல்லாம் கறுப்பு வெள்ளையாகத் தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இருப்பவர்கள் மிக மிகக் குறைவு. நம் விழித்திரையில் மூன்று வகைக் கூம்பு செல்கள் இருக்கின்றன. நீள அலை ஒளிக்கு ஒன்று, நடு அலைக்கு ஒன்று, குறு அலைக்கு ஒன்று. முதல் இரண்டில் ஒன்று இல்லாமல் போனாலோ, இருந்தும் வேலை மாறிப்போனாலோ வருவதுதான் சிவப்பு-பச்சைக் குறைபாடு. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்கு இது உண்டு, பெண்களில் 200 பேருக்கு ஒருவர் என்ற கணக்கு. இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், தாத்தாவிடமிருந்து அம்மா வழியாகப் பேரனுக்கு வருவது சகஜம். எங்கள் வீட்டில் நடந்ததும் அதுதான்.

இதற்குள்ளேயே இரண்டு கிளை. நீள அலைக் கூம்பில் குறை இருப்பவருக்குச் சிவப்பு நிறமே கறுத்துத் தெரியும். நடு அலைக் கூம்பில் குறை இருப்பவருக்குச் சிவப்பு அவ்வளவாகக் கறுக்காது, ஆனால் பச்சையோடும் பழுப்போடும் குழம்பும். துணி எடுக்கிறவருக்கு இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம். 1917-ல் வந்த இஷிஹாரா புள்ளி அட்டைகளைக் காட்டிக் கண் மருத்துவர் சோதித்திருந்தால் எந்த வகை என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தெரியாவிட்டால், நல்ல சிவப்புத் துணி ஒன்று, நடுத்தரச் சாம்பல் ஒன்று, கறுப்பு ஒன்று மூன்றையும் வரிசையாக வைத்து, "சிவப்பு இதுல எதுக்குக் கிட்ட?" என்று கேளுங்கள். கறுப்புப் பக்கம் தள்ளினால் அநேகமாக முதல் வகை. இதை மருத்துவச் சோதனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம், துணி எடுப்பதற்கு இது போதும்.

அணுக்கொள்கை சொன்ன ஜான் டால்டனுக்கும் இந்தக் குறைபாடு உண்டு. 1794-ல் மான்செஸ்டரில் தன் பார்வையைப் பற்றி அவர் ஒரு கட்டுரை படித்தார். லாரல் இலையின் மேற்புறமும் சிவப்பு அரக்குக் குச்சியும் தனக்கு ஒரே நிறமாகத் தெரிகின்றன என்று அதில் சொல்லியிருக்கிறார். இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அரக்கும் இலைப்பச்சையும்! நான் தம்பிக்குத் தேடித்தேடி எடுத்த அதே ஜோடி. தன் கண்ணுக்குள் இருக்கும் நீர் நீலமாக இருப்பதுதான் காரணம் என்று டால்டன் நம்பினார், இறந்தபின் திறந்து பார்க்கவும் சொல்லி வைத்தார். 1844-ல் பார்த்தபோது அது தெளிவாகவே இருந்தது. பாதுகாத்து வைத்திருந்த அந்தக் கண்ணிலிருந்து 1995-ல் மரபணுவைச் சோதித்த பிறகுதான், நடு அலை நிறமி அவருக்கு இல்லை என்று தெரியவந்தது.

"இது என்ன கலர்?" என்று கேட்காதீர்கள்

இந்தக் குறைபாடு உள்ள யாரையும் கேட்டுப் பாருங்கள், பள்ளி நாளிலிருந்து இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போயிருப்பார்கள். துணி எடுப்பதற்கும் அதனால் பிரயோசனம் இல்லை. நிறத்தின் பெயரைத் தம்பி பாதி சமயம் சரியாகவே சொல்லிவிடுவான். இத்தனை வருடத்தில் எது எப்படி இருக்கும் என்று பழகிவிட்டான். பெயர் தெரிவது வேறு, பிரிந்து தெரிவது வேறு.

நான் செய்தது இதுதான். என்னிடம் இருந்த துணிகளிலிருந்து 4 அங்குலச் சதுரமாக 60 துண்டுகள் வெட்டினேன். பின்பக்கம் பென்சிலால் எண் போட்டேன். காலை வெளிச்சத்தில் ஜன்னலோரம் ஒரு வெள்ளை விரிப்பைப் போட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். "ஒண்ணா இருக்கறத ஒண்ணா வைடா" என்று மட்டும் சொன்னேன்.

அரை மணி நேரம் பேசாமல் அடுக்கினான். மெரூன், அடர் பழுப்பு, பாட்டில் பச்சை, கறுப்பு நான்கும் ஒரே குவியல். கிளிப்பச்சையும் கடுகு மஞ்சளும் ஆரஞ்சும் ஒரு குவியல். வயலட் எல்லாம் நீலத்தோடு போய்ச் சேர்ந்தது. வயலட்டில் இருக்கும் சிவப்பு அவனுக்கு எட்டுவதில்லை, மிச்சம் நீலம்தானே. (ஊதா என்று நம்மிலேயே சிலர் நீலத்தைச் சொல்வதுண்டு, அவனைக் குறை சொல்ல வழியில்லை.) மங்கிய ரோஸும் சாம்பலும், வெளுத்த மயில் பச்சையும் பக்கத்துப் பக்கத்தில் படுத்திருந்தன.

என்னை ஆச்சரியப்படுத்தியது வேறு. ஒரே க்ரீம் என்று நான் நினைத்திருந்த இரண்டு துண்டுகளை அவன் தள்ளித் தள்ளி வைத்திருந்தான். "இது வேற அக்கா, நூல் தடியா இருக்கு, கொஞ்சம் மங்கல்." வெளிச்சத்துக்குக் காட்டிப் பார்த்தேன். உண்மைதான், ஒன்று கொஞ்சம் முரட்டு நெசவு. நிறத்தைப் போட்டு உருவத்தை மறைக்கும்போது, நம்மால் பார்க்க முடியாத உருவத்தை இவர்களால் பார்க்க முடிகிறது என்று 1992-ல் மார்கன், ஆடம், மோலன் என்ற மூவர் சோதித்து எழுதியிருக்கிறார்கள். நெசவையும் வெளிச்சத்தையும் இவர்கள் கவனிக்கிற அளவுக்கு நாம் கவனிப்பதில்லை. நிறம் அதை நம்மிடமிருந்து மறைத்துவிடுகிறது.

அடுக்கி முடித்ததும் இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள். "எது முதல்ல கண்ணுல படுது?" "எது உனக்குப் பிடிச்சிருக்கு?" தம்பி கொஞ்சமும் யோசிக்காமல் மஞ்சளைக் காட்டினான். "மஞ்சள்தான் அக்கா எனக்குக் கலர்." அவனுக்காகக் கறுப்பு வெள்ளையில் தைத்துவிடலாமா என்று அதுவரை ஒரு எண்ணம் எனக்குள் இருந்தது. அன்றோடு அதை விட்டுவிட்டேன். அவனுக்குத் தெரிகிற நிறங்கள் அவனுக்கு அவ்வளவு பிரியமானவை.

நிறத்துக்கு முன்னால் வெளிர், அடர்

குவில்ட் தைக்கிறவர்களுக்கு இது புதிதில்லை. உருவத்தைக் காட்டுவது லைட்டும் டார்க்கும்தான், நிறம் அதன்மேல் வருவது. நிறக்குறைபாடு உள்ளவருக்கு இது பலமடங்கு உண்மை. பக்கத்துப் பக்கத்தில் வரும் இரண்டு துணிகளில் ஒன்று நன்றாக வெளுத்தும் மற்றது நன்றாக அடர்ந்தும் இருந்துவிட்டால், அவை என்ன நிறமாக இருந்தாலும் உருவம் தெரியும்.

துணிகளை வரிசைப்படுத்தி, போனில் கறுப்பு-வெள்ளைப் படம் எடுத்துப் பார்க்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அதில் ஒரு கண்ணி இருக்கிறது. போன் அந்தச் சாம்பலைக் கணக்கிடுவது சாதாரணப் பார்வைக்கு. தம்பி மாதிரி நீள அலைக் கூம்பில் குறை உள்ளவருக்குச் சிவப்பு அதைவிடப் பலமடங்கு கறுத்துத் தெரியும். இதை நான் நேரில் பார்த்தேன். 9 துண்டுகளை வெளிரிலிருந்து அடருக்கு நான் அடுக்கியபோது, மிளகாய்ப்பழச் சிவப்பு ஐந்தாவது இடத்தில் நின்றது. போன் படத்திலும் ஏறக்குறைய அதே இடம். அவனை அடுக்கச் சொன்னேன். அதே துண்டை எட்டாவதாக, நேவி ப்ளூவுக்கு முன்னால் வைத்தான். அடர்த்தியில் நேவி ப்ளூவுக்கும் அந்தச் சிவப்புக்கும் நடுவில் ஒரு இழை வித்தியாசம்கூட இல்லையாம். என் கண்ணுக்கு அந்த இரண்டும் கூச்சலிட்டுச் சண்டை போடுகின்றன.

வெளிர்-அடர் பார்க்க சிவப்புக் கண்ணாடித்தாள் வழியாகத் துணியைப் பார்ப்பவர்களும் உண்டு. இந்த வேலைக்கு அது ஆகவே ஆகாது. சிவப்புத் தாள் வழியாகச் சிவப்புத் துணி வெளுத்துத் தெரியும், அவன் பார்ப்பதற்கு நேர் எதிர். சிவப்பு இருக்கும் துணிகளுக்குப் பச்சைத் தாள் வைத்துப் பாருங்கள். சில போட்டோ செயலிகளில் கறுப்பு-வெள்ளைக்குள் பச்சை ஃபில்டர் என்று ஒன்று இருக்கும், அதிலும் சிவப்பு கறுத்து வரும். அவன் பார்வைக்கு அது கொஞ்சம் கிட்டே வருகிறது.

இன்னொரு வழி, ஜப்பானைச் சேர்ந்த கசுனோரி அசாதா உருவாக்கிய குரோமேட்டிக் விஷன் சிமுலேட்டர் செயலி. கேமராவைத் துணிமேல் பிடித்தால் ஒவ்வொரு வகைக் குறைபாட்டுக்கும் எப்படித் தெரியும் என்று பக்கத்திலேயே காட்டும். துணிக்கடையில் நிற்கும்போது பெரிய உதவி. போனிலேயே இருக்கும் நிறத்திருத்த வசதியோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது அவர்கள் திரையைப் பார்ப்பதற்கான திருத்தம், அவர்கள் பார்வையை நமக்குக் காட்டுவதில்லை. எந்தச் செயலியும் தோராயம்தான். குறை கொஞ்சமா முழுக்கவா என்பது ஆளுக்கு ஆள் மாறும். செயலி ஒன்று சொல்லி ஆள் வேறு சொன்னால், ஆள் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எதை எதோடு சேர்க்கலாம்

சிவப்பு-பச்சைக் குறைபாடு உள்ள யாருக்கும் நீலமும் மஞ்சளும் துல்லியமாகப் பிரியும். நேவி ப்ளூவும் கடுகு மஞ்சளும், ஆகாய நீலமும் அடர் பழுப்பும், ராயல் ப்ளூவும் ஆரஞ்சும், எல்லாவற்றுக்கும் நடுவில் க்ரீம். இந்த ஜோடிகளில் எதை எடுத்தாலும் வெளிர்-அடரும் சேர்ந்தே கிடைத்துவிடும். சிவப்பை ஒதுக்க வேண்டியதில்லை. க்ரீமுக்கோ எலுமிச்சை மஞ்சளுக்கோ பக்கத்தில் போட்டால் அருமையான அடர் துணியாக நிற்கும். கறுப்பு, பழுப்பு, அடர் பச்சை இவற்றுக்குப் பக்கத்தில் மட்டும் போகக்கூடாது. பச்சையில்தான் கஷ்டம் அதிகம். மஞ்சள் கலந்த பச்சை ஆரஞ்சோடும் கடுகோடும் போய் ஒட்டும், நீலம் கலந்த பச்சை சாம்பலாகிவிடும். எனக்குப் பச்சை ரொம்பப் பிடிக்கும், அவனுக்கான போர்வையில் அதைப் பின்பக்கத்துக்குக் கொண்டுபோய்விட்டேன்.

குழம்பும் ஜோடிகளை ஒதுக்குவது ஒரு வழி. அவற்றை வேண்டுமென்றே பயன்படுத்துவது இன்னொரு வழி, எனக்கு இதுதான் அதிகம் பிடித்தது. இரண்டாவது குவில்ட்டின் ஓரம் முழுக்க மங்கிய ரோஸையும் சாம்பலையும் 3 அங்குலச் சதுரங்களாக மாற்றி மாற்றித் தைத்தேன். நான் பார்த்தால் கட்டம் கட்டமாக விளையாடுகிற ஓரம். தம்பி பார்த்தால் அமைதியான ஒரே சாம்பல் சட்டம், அதற்குள் மஞ்சள் நட்சத்திரங்கள் தனியாக எழுந்து நிற்கின்றன. ஒரே போர்வையை அவனும் நானும் வேறு வேறாகப் பார்க்கிறோம், இரண்டுமே முழுசாக இருக்கிறது. இதைச் செய்வதென்றால் அந்த இரண்டு துணியும் அவர் கண்ணுக்கு ஒரே அளவு வெளிராக இருக்கிறதா என்று அவரிடமே காட்டிக் கேட்டுவிடுங்கள்.

டிசைன், பிரிண்ட், நூல்

துண்டு பெரிதாக இருக்கட்டும். ஒன்றரை அங்குலச் சதுரத்தில் அவனுக்குத் தெரியாத நிற வித்தியாசம் 4 அங்குலத்தில் தெரிகிறது. குறை ஓரளவு மட்டும் இருப்பவர்களுக்கு இது நிறைய உதவும். பாதி வெளிர், பாதி அடர் என்று கட்டப்படும் லாக் கேபின் மாதிரிக் கட்டங்கள் இவர்களுக்கென்றே செய்தது போல இருக்கும். குழம்பக்கூடிய இரண்டு துணி பக்கத்தில் வந்தே ஆகவேண்டும் என்றால் நடுவில் ஒரு அங்குல க்ரீம் பட்டி கொடுத்துப் பிரித்துவிடுங்கள்.

பிரிண்ட் துணியில் நிறம் கைவிட்டாலும் உருவம் கைகொடுக்கும். ஒன்று பெரிய புள்ளி, பக்கத்தில் கோடு, அதற்குப் பக்கத்தில் பிளெயின் என்று எடுத்தால் மூன்றும் தனித்தனியே தெரியும். சிவப்பும் பச்சையும் ஒரே அடர்த்தியில் கலந்த சின்னப் பூப்போட்ட துணியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். நமக்குத் தோட்டமாகத் தெரிவது அவர்களுக்கு மண் நிறப் பிளெயின் துணி.

எடுத்த துணிகளைப் பகல் வெளிச்சத்தில் ஒரு தரம், போர்வை கிடக்கப்போகும் அறையின் இரவு விளக்கில் ஒரு தரம் பாருங்கள். மஞ்சள் குண்டு விளக்கில் நீல ஒளி குறைவு, நேவி ப்ளூ அங்கே கறுப்பாகிவிடும். ராயல் ப்ளூ தாங்கும்.

போர்வையின் அடுக்குகளைச் சேர்த்து ஓட்டும் குவில்டிங் நூலை எல்லோரும் துணியோடு கலக்கிற மாதிரி எடுப்பார்கள். நான் நேவி ப்ளூமேல் க்ரீம் நூலால் ஓட்டினேன். தையலைத்தான் அவன் முதலில் பார்க்கிறான் என்று முதல் போர்வையிலேயே தெரிந்துவிட்டதே.

தைப்பவருக்கே நிறக்குறைபாடு என்றால், ஒவ்வொரு துணிக்கும் நூல்கண்டுக்கும் வாங்கும்போதே பெயர்ச்சீட்டு ஒட்டி, வெட்டிய அடுக்குகளுக்கு எண் போட்டுப் பின் குத்தி வைத்தால் போதும்.

நீலம்-மஞ்சள் குறைபாடு அபூர்வம். அவர்களுக்கு நீலமும் பச்சையும் குழம்பும், மஞ்சளும் இளஞ்சிவப்பும் குழம்பும். சிவப்பும் நீலப்பச்சையும் சேர்ந்த ஜோடி அவர்களுக்கு நன்றாக எடுபடும். நிறமே தெரியாதவர்களுக்கு வெளிர்-அடரும் துணியின் சொரசொரப்பும்தான் எல்லாம். அவர்களுக்கும் சிவப்பு கறுப்பாகத்தான் தெரியும். வயதானவர்களுக்குக் கண்ணின் லென்ஸ் மஞ்சளித்துப்போவதால் நேவி ப்ளூ, கறுப்பு, அடர் பழுப்பு மூன்றும் ஒன்றாகிவிடும், பாட்டிக்குத் தைக்கும்போது இதையும் நினைவில் வையுங்கள்.

ஏற்கெனவே தைத்துவிட்டீர்களா?

பிரிக்க வேண்டாம். முதல் போர்வையை நான் பிரிக்கவில்லை. க்ரீம் எம்பிராய்டரி நூலை ஆறு இழையும் சேர்த்து ஊசியில் கோத்து, நட்சத்திரத்தின் விளிம்புக்கு கால் அங்குலம் உள்ளே சங்கிலித் தையல் போட்டுக்கொண்டு வருகிறேன். தையல் மேட்டின்மேல் போட்டால் ஊசி இறங்காது, நூலும் சீக்கிரம் தேய்ந்துபோகும், அதனால்தான் உள்ளே தள்ளி. எட்டு முனை சுற்றி முடிக்க ஒரு நட்சத்திரத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. முனையில் திரும்பும்போது கடைசிச் சங்கிலியை ஒரு சின்னக் குத்தால் பூட்டிவிட்டுத் திரும்பினால் கூர் மழுங்காது.

இதுவரை 22 முடிந்திருக்கிறது. தம்பி வரும்போதெல்லாம் விரித்து எண்ணிப் பார்க்கிறான். முடியாத 13-ஐயும் விரலால் தடவிச் சேர்த்து எண்ணுகிறான்.